பத்துப் பொட்டலம் கட்டும் நேரம்

"மனித குலத்தின் வரலாற்றை மாற்றியவை வாள்கள் அல்ல, வாய்கள்! பேரரசுகள் எழுந்ததும் வாயால், விழுந்ததும் வாயால்!" என்று முழங்கிய பேச்சாளர், அடுத்த வாய்க்குத் தாவும்போது "ஸ்ஸ்ஸ்" என்று நிறுத்தினார். அது ஒரு சிமெண்ட் கடைத் திறப்பு விழா. நிறுத்தியதையும் பேச்சில் ஒரு நயம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அவருடைய கீழுதட்டின் உள்பக்கம், இடது ஓரத்தில், கடுகளவு ஒரு புண் வந்திருந்தது.

அவருக்கு ஊர் வைத்த பெயர் மைக். பகலில் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையில் எந்த மேடையானாலும் வரவேற்புரை, நன்றியுரை, இடையில் கரண்ட் போனால் அந்த இருட்டு, மூன்றும் அவர் பொறுப்பு. ஐம்பத்திரண்டு வயதாகியும் தனிக்கட்டை. கல்யாணப் பேச்சு மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் பேச்சை அவரே எடுத்துக்கொண்டார். எதிர்த்தரப்பு எழுந்து போனதைக் கடைசியில்தான் கவனித்தார்.

சிமெண்ட் கடையிலிருந்து நேரே நாட்டு மருந்துக்கடைக்குப் போனார். தையற்கடைக்குப் பக்கத்துக் கடை. அதை நடத்தும் மருந்துக்காரம்மாவுக்கு அவரைவிட நாலைந்து வயது குறைவு. கல்லாவுக்குப் பின்னால் ஒரு மர முக்காலி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, சுவரெல்லாம் டப்பாக்கள்.

"அம்மையீர், பேசிப் பேசியே தேய்ந்த இந்த நாவுக்கு…" என்று மைக் ஆரம்பித்தார்.

"வாயத் தொறங்க சார்."

திறந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார் அந்த அம்மாள்.

"நாக்குல ஒண்ணுமில்ல. உதட்டுலதான். கொதிக்கக் கொதிக்க டீ குடிப்பீங்களா?"

"மேடைக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு…"

"ரெண்டையும் விடுங்க. காலைல வெறும் வயித்துல மணத்தக்காளி இலை நாலு, நல்லா மென்னு முழுங்கணும். ராத்திரி இந்த அதிமதுரத் துண்ட வாய்ல அடக்கிக்கங்க. சாயங்காலம் இங்க வந்து கஷாயம் கொப்புளிக்கணும். வீட்டுக்குக் குடுத்தனுப்ப மாட்டேன். குடுத்தா எல்லாரும் அரை நிமிஷத்துல துப்பிடுறாங்க."

கொய்யாக் கொழுந்தைக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, இழைத்து இழைத்தே கறுத்துப்போன கல்லில் மாசிக்காயை இழைத்து அதில் ஒரு சிட்டிகை கலப்பது அந்த அம்மாளின் பக்குவம். அதை வாய் நிறைய வாங்கிக்கொண்டு முக்காலியில் உட்காரவேண்டும். எவ்வளவு நேரம் என்பதற்குக் கடையில் கடிகாரம் கிடையாது. மருந்துக்காரம்மா பத்துப் பொட்டலம் கட்டி முடிக்கும்வரை. பழைய செய்தித்தாளைக் கிழித்து, பொடியைக் கொட்டி, மடித்து, நூலைச் சுற்றிப் பல்லால் கடித்து அறுத்து ஓரமாக வைத்தால் ஒன்று.

இன்னொரு வழக்கமும் உண்டு. முதல் நாளைக்குப் பிறகு அந்த அம்மாள் வாய்க்குள் பார்ப்பதில்லை. ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைத் தினம் இழுத்துப் பார்த்தால் அது கோபித்துக்கொள்ளுமாம். வாயில் கஷாயம் ஊற்றியதும் "எரியுதா?" என்று கேட்பார். எரிந்தால் புண் இருக்கிறது, எரியாவிட்டால் ஆறிவிட்டது.

முதல் நாள் மைக் கண்ணில் தண்ணீர் வரத் தலையாட்டினார்.

கன்னம் இரண்டும் உப்பி, பேச முடியாமல் ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் இருந்தது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. தையற்கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

"அக்கா, இந்த மருந்த ஒரு டேங்க்ல ரொப்பி இவருக்குக் குழாய் போட்டுக் குடுங்க. ஊருக்கே புண்ணியமாப் போகும்."

"போய் உன் காஜாவப் பாரு. நேத்து நீ தச்ச ரவிக்கைக்குக் கை ரெண்டும் ஒரே பக்கம் இருக்கு."

அவரை விரட்டிய பிறகு, நாலாவது பொட்டலத்தில், மருந்துக்காரம்மா தன்பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சமைக்கும்போது யாராவது குரல் கொடுத்தால் தேவலை என்று ரேடியோவைப் போட்டுவைப்பது. அது பாட்டுக்கு வெளிநாட்டு வானிலையைச் சொல்லிக்கொண்டிருப்பது. எங்கோ பனி பெய்கிறது என்று கேட்டுக்கொண்டே ஒருத்திக்கு மட்டும் உலை வைப்பது.

மைக்கின் தொண்டைவரை பதில் வந்தது. வாயில் கஷாயம் இருந்தது. பதில் திரும்பிப் போயிற்று.

பத்தாவது பொட்டலம் முடிந்து அவர் துப்பிவிட்டு வந்ததும் அந்த அம்மாள் சொன்னார்: "நீங்க நல்லாக் காது குடுத்துக் கேக்குறீங்க சார்."

ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை. வீடு போகும் வழியில் அதைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

அடுத்த நாட்களில் அவர் மேடைகளைச் சுருக்கிக்கொண்டார். நன்றியுரை நாலு வரியில் முடிந்தது. கூட்டங்கள் திகைத்துக் கலைந்தன. முக்காலியில் உட்கார்ந்து, மடங்கும் விரல்களையும், நூல் கடிக்கும்போது ஒரு பக்கமாகச் சாயும் தலையையும் பார்த்திருப்பார். நூல் சிக்கிக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்வார். சில நாள் சிக்கவும் செய்தது. துப்பிவிட்டுப் போகும்போது அந்த அம்மாளைப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பார்.

ஆறாவது நாள் கஷாயம் எரியவில்லை. நாக்கால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"எரியுதா?"

மைக் ஆமென்று தலையாட்டினார்.

ஏழாவது நாளும் ஆட்டினார். பதினைந்தாவது நாளும் ஆட்டினார். இடையில் மனசாட்சி குத்தியதால் ஒரு நாள் கன்னத்தைக் கடித்து உண்மையான புண் ஒன்றை உண்டாக்கிப் பார்த்தார். நாணயமாக நடந்துகொள்ளலாம் என்று எண்ணம். மருந்து அதையும் இரண்டே நாளில் ஆற்றிவிட்டது.

அவர் யோசிக்காத சங்கதி ஒன்று இருந்தது. அவர் வாய் ஊரறிந்த வாய். மற்றவர் வாயில் புண் வந்தால் அவர் வீட்டோடு போகும். மைக்குக்கு வந்தது பஸ் ஸ்டாண்டுவரை தெரியும். மூன்றாவது வாரம் பஸ் கண்டக்டர் கடையைத் தாண்டிப் போய் மெடிக்கலில் வாய்ப்புண் களிம்பு வாங்கினார். பள்ளிக்கூட டீச்சர் இருவரும் அப்படியே.

"அக்கா, 'மைக்குக்கே கேக்கலையாமே, நமக்கெங்க கேக்கப் போவுது'ன்னு பேசிக்கிறாங்க" என்று தையற்காரர் தகவல் சொன்னார். இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை.

மருந்துக்காரம்மா மாசிக்காயை இரண்டு சிட்டிகை ஆக்கினார். கொழுந்தை விடியலில் தானே போய்ப் பறித்துவந்தார். பேச்சு குறைந்தது. இருபத்தோராவது நாள் ஏழு பொட்டலம்வரை ஒன்றுமே சொல்லவில்லை. பிறகு, "எங்கம்மா கைல ஆறு நாளு தாண்டினதில்ல சார். எங்கிட்டதான் ஏதோ கோளாறு" என்றார். அன்று நூல் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை.

மறுநாள் மாலை மைக் வந்தபோது முக்காலி கடைக்கு வெளியே கிடந்தது. மருந்துக்காரம்மா அதன்மேல் ஏறி நின்று, பெயர்ப்பலகையில் 'இருமல், சளி, சேற்றுப்புண், வாய்ப்புண்' என்று எழுதியிருந்ததில் கடைசிச் சொல்லைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். பாதி போயிருந்தது.

"வந்துட்டீங்களா. இனிமே கஷாயம் கிடையாது சார். ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ண நான் வச்சுப் பாக்கக் கூடாது. பாத்ததே தப்பு. நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, நானும் வரேன். பயப்படாதீங்க."

அந்த அம்மாளின் கண் சிவந்திருந்தது. பயந்திருப்பது யார் என்று மைக்குக்குப் புரிந்தது.

வாய் காலியாக இருந்தது. இருபத்திரண்டு நாளில் அந்த வேளையில் முதல்முறையாக. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மையீர், காலச்சக்கரத்தின் சுழற்சியில், ஒரு மனிதன் தன் நெஞ்சைத் திறந்து காட்டவேண்டிய தருணம்…"

"சுருக்கமாச் சொல்லுங்க சார், கை வலிக்குது."

"புண்ணு இல்லை."

"என்னது?"

"ஆறாவது நாளே ஆறிடுச்சு."

மருந்துக்காரம்மா முக்காலியிலிருந்து இறங்கினார். டார்ச்சை எடுத்துவந்து, நடுத்தெருவில், அவர் கீழுதட்டைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். இடம், வலம், நாக்கின் அடி, மேலண்ணம். புண் என்று ஒன்றுமில்லை. தையல் மெஷின் நின்றுபோயிருந்தது.

"அப்ப மருந்து கேட்டிருக்கு" என்றார் மெதுவாக. பிறகு தெருவுக்கே கேட்கும்படி, "டேய் தம்பி! ஆறே நாள்ல ஆறியிருக்குடா! எங்கம்மா கணக்கு தப்பல!"

தையற்காரர் ஊசியும் கையுமாக ஓடிவந்தார். மருந்துக்காரம்மா சிரித்தார், முந்தானையால் மூக்கைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். சட்டென்று நிறுத்தி மைக்கைப் பார்த்தார்.

"பின்ன எதுக்கு சார் தெனம் வந்தீங்க?"

சிமெண்டுக்கு முக்கால் மணி நேரம் பேசியவர். லாரி எடைமேடைத் திறப்புக்கு ஒரு மணி நேரம். ஒரு தடவை, திறக்காமலே போன நூலகத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். அந்த அம்மாளின் கட்டைவிரல் பட்ட உதடு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. அதற்கு முன்னுரைகூடத் தேவையில்லை.

"கஷாயம்… ருசியா இருந்துச்சு" என்றார் மைக்.

மருந்துக்காரம்மா டார்ச்சை அணைத்தார்.

"அது துவர்க்கும் சார்."

"ஆமா" என்றார் மைக்.

"அண்ணே, நீங்க கெட்டீங்க" என்றார் தையற்காரர்.

மருந்துக்காரம்மா பிளேடைத் துடைத்துக் காகிதத்தில் மடித்து வைத்தார். "அந்த ஆறு நாள் கணக்க நாலு பேர்கிட்ட நீங்களே சொல்லணும் சார். என் பேர் கெட்டது உங்க வாயால" என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று மைக்கால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்பதில் அவருக்கு இருபத்திரண்டு நாள் பழக்கம்தான்.

அவர் சொன்னார். அந்த வாரம் மூன்று மேடை ஏறினார். மூன்றிலும் வந்த காரியத்தை விட்டுவிட்டுக் கொய்யாக் கொழுந்தையும் மாசிக்காயையும் பற்றி முழங்கினார். தான் புளுகியதையும் மறைக்கவில்லை. ஏன் புளுகினேன் என்பதை மட்டும் மறைத்தார். ஊருக்கு அது ஏற்கெனவே தையற்காரர் மூலம் தெரிந்திருந்தது. கடையில் கூட்டம் திரும்பியது. பலகையில் கடைசிச் சொல்லைப் புதுப் பெயிண்டில் எழுதினார்கள்.

மாலையில் அலுவலகம் விட்டு வரும்போது மைக் எதிர்ச்சாரியில் நடந்தார். முக்காலியில் பஸ் கண்டக்டர் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தார். மருந்துக்காரம்மா பொட்டலம் கட்டிக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்ன பேச்சு என்று தெருவின் இந்தப் பக்கம் கேட்காது. ஐந்தா, ஆறா என்று எண்ணிப் பார்த்தார். நூல் கடிக்கத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது ஒரு லாரி குறுக்கே போயிற்று. லாரி போனபின் பார்த்தால் கண்டக்டர் துப்பிக்கொண்டிருந்தார்.

நாலு நாள் அப்படியே நடந்தார். ஐந்தாம் நாள் முடிவுக்கு வந்தார். புண் இல்லாமலே போவது. உள்ளதை உள்ளபடி, ஒரே வரியில் சொல்வது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். வீட்டில் அவருக்குக் கண்ணாடி என்று ஒன்று சவரத்துக்கு மட்டும்தான். சவரத்தின்போது வாயை இறுக மூடிக்கொள்வது வழக்கம். இன்று அதன் முன்னால் நின்று, அந்த ஒரு வரியைச் சொல்லிப் பார்த்து, கடைசியில், முக்காலியிலிருந்து போகும்போதெல்லாம் அந்த அம்மாளைப் பார்த்துச் சிரிப்பாரே, அதே போலச் சிரித்தார்.

முன்பற்கள் ஆறும் மாசிக்காய்க் கறை பிடித்துக் கன்னங்கரேலென்று இருந்தன.