சைக்கிளைப் பற்றி ஐந்து கேள்விகள்

ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரே அமர்ந்திருந்த மேற்பார்வையாளர் முதல் அட்டையை எடுத்து, உங்களிடம் சைக்கிள் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் வாசித்தார். என் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து பல மாலைகள் வீடு திரும்பியவர் அவர். ஆயினும் அட்டையில் உள்ளதைத் தவிர ஒரு சொல்லும் அவர் பேசக் கூடாது என்பது இந்த ஆங்கிலப் பேச்சுத் தேர்வின் விதி. பதிவை நடுவில் நிறுத்தினால், தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். மதிப்பெண் இடுபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். எங்கள் தட்டச்சர் சுவரோரம் கைக்கடிகாரத்துடன் அமர்ந்திருந்தார்.

“ஆம், என்னிடம் ஒரு சைக்கிள் இருக்கிறது. அதன் நிறம் பச்சை. அதை நான் நாள்தோறும் துடைக்கிறேன்” என்று ஆங்கிலத்தில் விடையளித்தேன். நாற்பத்தாறு வயதில் ஆங்கிலம் எழுத்துக் கூட்டத் தொடங்கியவன் அரை வாக்கியத்தில் நிற்க மாட்டான்.

எதற்கெடுத்தாலும் ஆங்கிலத்தில் நன்றி சொல்வதால், மேற்பார்வையாளரைத் தொழிற்சாலையில் ‘தேங்க்யூ’ என்றே அழைப்போம். பதினான்கு ஆண்டுகள் இருவரும் ஒரே பெஞ்சில் நின்று சைக்கிள் சக்கரங்களின் வளைவை நிமிர்த்திக் கோட்டம் எடுத்தோம். நாங்கள் நேராக்கி அனுப்பிய சக்கரங்கள் சில வாரங்களிலேயே மீண்டும் ஆட்டம் கண்டு திரும்பி வந்தன. கடைசிக் கோட்டம் எடுப்பதற்கு முன்பு சக்கரத்தை ஒரு மரப்பலகையில் படுக்க வைத்து அழுத்தினால், முறுக்கேறிய கம்பிகள் ‘டிக் டிக்’ என்று தம் இடத்தில் அமர்ந்துவிடும் என்பதைக் கண்டுபிடித்தவன் நான். பலகையை இழைத்தவனும் நானே. திரும்பி வரும் சக்கரங்கள் ஏறக்குறைய நின்றுவிட்டன.

தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வந்தபோது, தேங்க்யூ அந்தப் பலகையில் கை வைத்தபடி ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நண்பன் நன்றாகப் பேசுகிறான் என்ற பெருமிதத்தில் எல்லோருக்கும் முன்பாக நான்தான் கைதட்டினேன். அடுத்த மாதம் அவர் மேற்பார்வையாளர் ஆனார்.

அரையாண்டு கழித்துத் தேநீர் இடைவேளையில் தட்டச்சர் சொன்னார்: “உங்களுக்குப் பெரிய மனசுண்ணே. அந்தப் பலகை அவரோட ஐடியான்னு அவர் சொன்னப்ப, நீங்களே மொதல்ல கைதட்டினீங்களே!”

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, அன்று மாலையே ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். மூன்று ஆண்டுகள் ஆயின.

இப்போது பயிற்சியாளர் பதவிக்கு இந்தத் தேர்வு. உட்கார்ந்து செய்யும் வேலை. குனிந்து குனிந்து என் முதுகு வளைந்துவிட்டதால், என்னைவிட மனைவிக்கே இதில் ஆசை மிகுதி. அறிவிப்புப் பலகையில் தலைப்புக்கு ஐந்தாக ஒட்டப்பட்டிருந்த இருபது கேள்விகளையும் எழுதி வந்து, அவளைக் கேட்கச் சொல்லிப் பயின்றேன். அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் நான் சொன்ன விடை மூன்று நிமிடங்கள் நீண்டது.

“ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷந்தானே?” என்றாள்.

“ஆமா. தாண்டினா மார்க் கொறையும்.”

“அப்ப சைக்கிளைப் பத்திக் கேட்டா சைக்கிளைப் பத்திச் சொல்லுங்க. அந்தாளு மூஞ்சியைப் பத்திச் சொல்லாதீங்க. பழி வாங்கறேன்னு போயி மறுபடியும் பெஞ்சுல குனிஞ்சு நிக்கணுமா?”

கேள்விகள் எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

இன்று காலை கதவருகே தேங்க்யூ என் தோளைத் தட்டினார். “மாப்ளே, பயப்படாத. எல்லாம் சின்னப் புள்ளைங்க கேள்வி. யெஸ், நோன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடு.”

“சரி மாப்ளே” என்றேன்.

இரண்டாம் கேள்வி, யார் உங்களுக்குச் சைக்கிள் கற்பித்தார் என்பது. மூன்றாவது, மழையில் சைக்கிள் ஓட்டுவீர்களா என்பது. இரண்டுக்கும் பிழையின்றி விடையளித்தேன். தேங்க்யூவின் புருவம் உயர்ந்தது. தட்டச்சர் புன்னகை செய்தார். இந்த அளவில் நின்றாலே பதவி எனக்குத்தான்.

நான்காம் அட்டையை அவர் புரட்டினார். சைக்கிளில் நீங்கள் கண்ட ஒரு குறையையும் அது எவ்வாறு தீர்ந்தது என்பதையும் கூறுக.

நான் காத்திருந்த கேள்வி அதுவே. திரும்பி வந்த சக்கரங்களைச் சொன்னேன். மரப்பலகையைச் சொன்னேன். ‘டிக் டிக்’ என்ற ஓசையையும் சொன்னேன். தட்டச்சர் ஒரு விரலை உயர்த்தினார்; ஒரு நிமிடம் முடிந்தது. மனைவியின் முகம் நினைவில் வந்து போயிற்று. நான் நிறுத்தவில்லை. “அந்தப் பலகையைச் செய்தவன் நான். அதைத் தன்னுடையது என்று உங்களிடம் கூறியவர், இப்போது இந்தக் கேள்வியை வாசித்த மனிதர். அன்று எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே நான் கைதட்டினேன்.”

தட்டச்சரின் இரண்டாம் விரலும் உயர்ந்தது. தேங்க்யூவின் கை கருவியின் பொத்தான் வரை சென்று, அதைத் தொடாமல் திரும்பியது. மூன்றாம் விரல் உயரும்வரை, நாள், கிழமை, நின்றிருந்தவர்கள் என ஒவ்வொன்றாகக் கூறி முடித்தேன்.

அந்தப் பட்டியலில் இந்த நான்காம் கேள்வியைத் தொடர்ந்து வருவது எந்தக் கேள்வி என்று இருவருக்குமே தெரியும். அவர் கடைசி அட்டையை எடுத்தார். அப்போது நீங்கள் மகிழ்ச்சியடைந்தீர்களா என்பதே அதில் எழுதியிருந்தது.

அவர் அட்டையைக் கண்ணருகே கொண்டு சென்று, வாசிக்காமலே மீண்டும் இறக்கினார். தட்டச்சர் கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

நான் இரு கைகளையும் மேசையின் மேல் விரித்து வைத்துக் காத்திருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் விரல்களுக்கிடையே அந்த அட்டை, கோட்டம் எடுக்காத சக்கரத்தைப் போல், இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது.