கூடப் போகிறவள்

அம்மாவுக்குப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது என்ற சேதி எனக்கு முன்னால் என் தம்பி பொண்டாட்டிக்குத் தெரிந்திருந்தது. நோய் வந்ததைவிட அதுதான் என்னை முதலில் சுட்டது. பொய் சொல்வானேன்?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஸ்கேன். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். அன்றைக்குப் பார்த்து என்னிடம் படித்த நாலு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட். நாலு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அம்மாவோடு போகாமல் இருந்தேன். ஒரே ஒரு தடவை! அந்தச் சந்தில் அவள் நுழைந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனால், சமையலறை மேஜையில் இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அம்மாவின் நீல ஃபைல் அவள் மடியில் இருந்தது. ஒவ்வொரு தாளையும் தேதி வாரியாக நான் கோத்து வைத்த ஃபைல்.

"உக்காரு," என்றாள் அம்மா. "மறுபடி வந்திருக்காம். இந்தத் தடவை கல்லீரல்ல."

"எப்போ தெரியும்?"

"வியாழக்கிழமை."

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள். நடுவில் வெள்ளிக்கிழமை எனக்குப் போன் செய்து சோப்புத்தூள் வாங்கி வரச் சொன்னவள் இந்த அம்மாதான்.

தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பான். அவன் பொண்டாட்டி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்துகொண்டு அம்மாவோடு இருக்கிறாள். ஐந்து வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பதில் வரும். ஊமைக்கோட்டான் என்றுதான் நான் சொல்வது. முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறேன். அதற்கும் சிரிப்பாள். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தரப் போய், மூன்றாம் நாளே இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்த கதை தனி.

நேற்று வந்தவள். முதல் தடவை நோய் வந்தபோது இவள் எங்கே இருந்தாள்? அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தவள் நான். எந்தக் கையில் நரம்பு சீக்கிரம் கிடைக்கும் என்று நர்ஸுக்கே நான்தான் சொல்வேன். வாயெல்லாம் புண்ணாகி, எதைத் தின்றாலும் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது என்று அழுதவளுக்கு, வீட்டிலுள்ள ஸ்பூனையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு மரக்கரண்டியில் ஊட்டினேன். நாலாவது ஊசிக்குக் கிளம்பும்போது, "வேணாம்டி, என்னை விட்டுடு" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். விட்டேனா? விரல் விரலாகப் பிரித்தெடுத்துக் காரில் ஏற்றினேன். ஆறு ஊசியும் முடிந்தது, பிழைத்தாள். நாலு வருடம் எழுந்து நடமாடினாளே, அது யாரால்?

"சரி, டாக்டரை எப்போ பார்க்கணும்?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு. இவ வர்றா என்கூட."

"இவளா? நான் எதுக்கு இருக்கேன்?"

"உள்ளே ஒருத்தரைத்தான் விடுவாங்க. இவ வரட்டும்."

"இவளுக்கு என்னம்மா தெரியும்? டாக்டர் சொல்றது தலையா வாலான்னு புரியுமா?"

"தெரியாதவளே வரட்டும்," என்றாள் அம்மா. முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். இணைப்பைத் துண்டிக்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

தம்பி பொண்டாட்டி என் ஃபைலை மூடி, மூலை மடங்காமல் தடவிவிட்டாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பெற்றவளுக்குச் சாவு நெருங்குகிறது, இவளுக்கு இதுதான் கவலையா என்று கேட்பீர்கள். ஆமாம், இதுதான் கவலை. அம்மா பயப்படும்போது யார் கையைப் பிடிக்கிறாள் என்பதைவிட வேறென்ன இருக்கிறது ஒரு மகளுக்கு?

திங்கட்கிழமை என்னிடம் கற்க வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரைப் பார்த்து, "கண்ணாடியைப் பாருங்க சார், அது தலை சீவறதுக்கு இல்ல!" என்று கத்தினேன். பாவம், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் என் முகத்தைப் பார்த்தே எஞ்சினை அணைத்துவிட்டார். அப்போதுதான் போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து.

டாக்டருக்குப் பதினோரு மணிக்கு வேறு வேலை வந்துவிட்டதாம். அம்மா ஒன்பது மணிக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். அவர்கள் புத்தகத்தில் இன்னமும் என் எண்தான் இருந்தது. தம்பி பொண்டாட்டி எண் இல்லை.

"வந்துடுவாங்க. நான்தான் கூட்டிட்டு வருவேன். மகள்," என்றேன். மகள் என்பதை யாரும் கேட்கவில்லை.

இந்த மாற்றத்தை நான் வேறு யாருக்கும் சொல்லவில்லை.

செவ்வாய் காலை எட்டேகாலுக்கு அம்மா வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். எதிர்பார்த்தபடியே தம்பி பொண்டாட்டி கடைக்குப் போயிருந்தாள். பத்து மணிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

"ஒன்பது மணிக்கு மாத்திட்டாங்கம்மா. கிளம்பு."

அம்மா புடவை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அவளுக்குப் போன் பண்ணு."

"பண்ணினேன். எடுக்கல."

பண்ணவில்லை. போகும் வழியெல்லாம் அம்மா பின்கண்ணாடி வழியே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. மேஜைமேல் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு நேராக அம்மாவிடமே பேசினார். "இந்தத் தடவை முழுசா குணமாக்க முடியாதும்மா. மருந்து குடுத்தா கொஞ்ச மாசம் தள்ளிப் போடலாம். ஆனா போன தடவையைவிடக் கஷ்டமா இருக்கும். வேணாம்னாலும் நாங்க கைவிட மாட்டோம், வலி இல்லாம பார்த்துக்குவோம். நீங்கதான் சொல்லணும்."

அம்மா கதவைப் பார்த்தாள். பிறகு உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, "டாக்டர், எனக்கு..." என்று ஆரம்பித்தாள்.

நான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தேன். பதினேழு கேள்வி எழுதி வைத்திருந்தேன். "எப்போ ஆரம்பிக்கலாம் டாக்டர்?"

"அவங்க சொல்லி முடிக்கட்டும்," என்றார் டாக்டர்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பேனாவோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி," என்றாள் அம்மா. "ஆரம்பிங்க."

அடுத்த செவ்வாய் முதல் ஊசி என்று தேதி குறித்தார்கள். காரில் திரும்பும்போது எனக்குப் பாட்டுப் பாடாத குறை. அவள் இல்லாமலேயே முடித்துக் காட்டிவிட்டேனே!

வீட்டு மாடிப்படியில் தம்பி பொண்டாட்டி கடை அங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் தோளை லேசாகத் தொட்டுவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

"அத்தை என்ன சொன்னாங்க அக்கா?"

"என்ன சொல்வாங்க? சரின்னாங்க. அடுத்த செவ்வாய் ஆரம்பம்."

அவள் முகம் வெளுத்தது. "சரின்னா சொன்னாங்க?"

"ஏன், நீ வராததால வேணாம்னு சொல்லணுமா?"

"வேணாம்னு சொல்லத்தான் அக்கா போறதா இருந்தாங்க." நான் கேட்காமலே அவளிடமிருந்து இத்தனை வார்த்தை வந்தது அன்றுதான். "நாலு நாளா சமையல்கட்டுல சொல்லிப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. என்னை டாக்டர் மாதிரி எதிர்ல உக்கார வெச்சு. 'டாக்டர், எனக்கு மருந்து வேணாம், வலிக்கு மட்டும் பாருங்க'ன்னு. முதல் நாள் பாதியிலேயே அழுதுட்டாங்க. நேத்துதான் தடங்கல் இல்லாம வந்துச்சு. நீங்க பக்கத்துல இருந்தா வாய் வராதுன்னாங்க. அதான் என்னைக் கூப்பிட்டாங்க."

"அடிப்பாவி! எங்கம்மாவைச் சாகறதுக்கு நீ பழக்கிவிட்டியா?"

நான் தடதடவென்று உள்ளே போனேன்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "அவளைத் திட்டாதே," என்றாள், என் காலடிச் சத்தத்தை வைத்தே. "யோசனை என்னுது. கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே, அன்னிக்கே எடுத்த முடிவு. இன்னொரு தடவை வந்தா வேணாம்னு."

"அப்புறம் ஏம்மா சரின்னு சொன்னே?"

"நோட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தியே. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிடி சொல்றது?"

சொன்னால் காறித் துப்புவீர்கள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எனக்காக. தம்பி பொண்டாட்டிக்காக இல்லை, எனக்காகச் சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எரிந்த வயிறு ஒரு நொடி குளிர்ந்துபோனது.

அந்த ஒரு நொடிதான். அம்மா எழுந்து உட்கார்ந்து ரவிக்கையின் மேல் கொக்கியைக் கழற்றப் பார்த்தாள். பழைய மருந்தில் மரத்துப்போன விரல் நுனிகள் நாலு வருடமாகியும் சரியாகவில்லை. கொக்கி வழுக்கியது, மறுபடி பிடித்தாள், மறுபடி வழுக்கியது. உதவி கேட்கவில்லை. போன தடவை நான் வாங்கிக் கொடுத்த உயிரோடு கூடவே இதுவும் வந்தது. இது தினமும் என் கண்முன்னால்தான் இருந்தது. நான்தான் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

கொக்கியைக் கழற்றிவிட்டேன். அம்மா மடியில் தலை வைத்து, கழுதை வயசில் அப்படி ஒரு அழுகை அழுதேன். "போகாதேம்மா" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் என் தலையைத் தடவினாள். "அதுக்கு மருந்து இல்லையேடி," என்றாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் பார்க்கலாம் என்றார்கள். கூட யார் வருவார்கள் என்று கேட்டார்கள். எண்ணை மாற்றிக்கொள்ளச் சொல்லி, தம்பி பொண்டாட்டி எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். மனப்பாடமாகத் தெரியாது, பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் சமையலறையில் அடுப்பு மூட்டாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை பத்து மணி. நீ கூட்டிட்டுப் போ."

"நீங்க அக்கா?"

"நான் வந்தா மறுபடியும் சரின்னு சொல்லிடுவா."

அவள் தலையை ஆட்டினாள். அம்மா வேண்டாம் என்று சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறவள் அவள்தான். அதை நானே என் வாயால் கொடுத்த பிறகும், எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.