பேரீச்சம்பழத்துக்குப் போன சைலன்ஸர்

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் ரீட் வால்வு கிழிந்தால் வண்டி எப்படி இருமும் என்று தெரியும். பிளக் கறுத்துப் போனால் ஆயில் அதிகம், வெளுத்துப் போனால் பெட்ரோல் போதவில்லை என்பதும் தெரியும். அலெக்ஸைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டினால் எந்தப் பெண்ணுக்கும் இதெல்லாம் தெரிந்துவிடும்.

அவருக்குத் திண்டிவனத்தில் அலுமினியப் பார்டிஷன் போடுகிற கடை. வீடு முண்டியம்பாக்கத்தில். போய்வர எத்தனையோ பஸ் ஓடுகிறது, மைலேஜ் கொடுக்கிற வண்டியும் எத்தனையோ விற்கிறது. இவருக்கு மட்டும் ஆர்.டி. முந்நூற்றைம்பதுதான் வேண்டும். என்னைவிட வயதில் மூத்த வண்டி, பெட்ரோலை மோர் மாதிரி குடிக்கும். கேட்டால், அது இரண்டு சிலிண்டர் வண்டி, அதன் அருமை உனக்கெங்கே தெரியும் என்பார். என் சமையலறையிலும்தான் இரண்டு சிலிண்டர் இருக்கிறது. அதில் ஒன்று காலி, புக் பண்ணுங்கள் என்றால் மட்டும் மறந்து போகும்.

அந்த வண்டியில் அவர் கை வைக்காத இடம் கிடையாது. பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டார். பிளாட்டினம் பாயிண்டைத் தூக்கியெறிந்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இரண்டு கார்பரேட்டரையும் பிரித்து, உள்ளேயிருக்கும் பொடிப்பொடிச் சாமான்களையெல்லாம் என் இட்லித் தட்டில் வைப்பார். குழி குழியாக இருப்பதால் எது எந்தப் பக்கத்தது என்று கலக்காதாம். அன்றிலிருந்து அந்தத் தட்டில் நான் இட்லி ஊற்றுவதில்லை.

இத்தனையும் மாற்றிய மனிதர் மாற்றாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தது கம்பெனி சைலன்ஸர் ஜோடியைத்தான். அதற்குப் புதிதாகக் குரோம் பூச வேண்டுமென்று கழற்றினார். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டில் வெள்ளையடிப்பு. சாக்கில் சுற்றித் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் வைத்தார். அவருக்கு ஒரே தங்கச்சி, ஆரோக்கியசெல்வி. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தது. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போடுகிற நிலம், அவ்வளவுதான்.

செல்விக்கு அப்போது ஏழாவது மாதம். உடம்பில் ரத்தம் கம்மி, பேரீச்சம்பழம் சாப்பிடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சொன்ன வாரமே தெருவில் மைக் கட்டிக்கொண்டு பழைய இரும்புக்காரன் வந்தான். இரும்பு போட்டால் பேரீச்சம்பழம். செல்வி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் சாக்கு, சாக்குக்குள் துருப்பிடித்த இரண்டு குழாய். கர்த்தரே அனுப்பிவைத்தார் என்று எடுத்துப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் சைலன்ஸரை எடுக்கப் போன அண்ணனுக்கு ஆசையாக ஒரு கை பழம் கொடுத்தாள். இவர் ஒன்றைத் தின்றுவிட்டு, நல்லா இருக்கே என்று இரண்டாவதையும் வாயில் போட்டுக்கொண்டுதான் சாக்கு எங்கே என்று கேட்டிருக்கிறார்.

அதன்பிறகு நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. கோபம் வந்தால் இவருக்குக் கண் மண் தெரியாது. இதைத் தின்று பிறக்கிற பிள்ளை வாயைத் திறந்தால் புகைதான் வரும் என்று சொல்லிவிட்டார். செல்விக்கு முகமே செத்துப்போனது. ஓட்டைக் குழாய்க்காக என் வயிற்றுப் பிள்ளையைச் சொல்லிவிட்டாய், இனிமேல் உன் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவர் விழுப்புரம், திண்டிவனம் என்று ஒரு பழைய இரும்புக் கடை விடாமல் அலைந்தார். போனது போனதுதான். கடைசியில் திண்டிவனம் மெக்கானிக் ஜகபர் சாதிக் பாய் தகட்டை வளைத்து, நடுவில் வயிறு உப்பிய குழாய் இரண்டு செய்து மாட்டினார். பிக்கப் பிய்த்துக்கொண்டு போகிறது என்று இவருக்கு ஒரே குஷி. சத்தமோ ஊரையே தூக்கியது. ஏரிக்கரை வளைவில் வண்டி வரும்போதே எங்கள் வீட்டு டம்ளர் அதிரும். எதிர்வீட்டம்மா அதைக் கேட்டுத்தான் ராத்திரி உலைக்கு அரிசி களைவார்.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜோவிதா என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானத்துக்கு இவர் போகவில்லை. அவள் வந்து கூப்பிடட்டும் என்றார் இவர். அவனே வரட்டும் என்றாள் அவள். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நடுவில் பேஜார் எனக்கு.

ஆனால் ஒரு நாள் சாயங்காலம் செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் அடுப்படிக்குள் நின்றாள். வாசற்படி மிதிக்க மாட்டேன் என்றுதானே சொன்னாய் என்றேன். வாசற்படிதானே, பின்கதவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே அண்ணி என்றாள். அன்றிலிருந்து தினமும் வருவாள், சாப்பிடுவாள், ஊர்க்கதை பேசுவாள். ஏரிக்கரையில் சத்தம் கேட்டதும் குழந்தையை அள்ளிக்கொண்டு கொல்லை வழியாக ஓடிவிடுவாள். பாதித் தட்டில் எழுந்து போகிறாளே என்று எனக்கு மனசு ஆறாது. இவர் உள்ளே வரும்போது நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படியே ஓட்டியிருப்போம். குழந்தைக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது என்று காது குத்த நாள் வைத்தார்கள். மாமன் மடியில் உட்கார்ந்துதான் குத்த வேண்டும். செல்வி மாமியார் வீட்டில், இவர் வராவிட்டால் என்ன, கிளியனூரில் செல்விக்குப் பெரியப்பா மகன் இனியவன் இருக்கிறாரே, அவர் மடியில் உட்காரவைப்போம் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். அதைச் சொல்லிவிட்டுச் செல்வி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொந்த அண்ணன் கூப்பிடுதூரத்தில் இருக்க, இரவல் மடியா என்று எனக்கும் அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும்.

மறுநாளே பஸ் ஏறி சாதிக் பாய் கடைக்குப் போனேன். எந்தப் பாதாளத்தில் இருந்தாலும் சரி, கம்பெனி சைலன்ஸர் ஒரு ஜோடி வேண்டும் என்றேன். பாய் தலையைச் சொறிந்தார். கோட்டக்குப்பத்தில் ஒருவர் அதே வண்டியைத் தார்ப்பாயில் மூடிவிட்டுக் குவைத் போனவர், இப்போது பிரித்து விற்கச் சொல்லியிருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கிடைத்தது. காசுக்கு நான் என்ன செய்தேன் என்பது என் பாடு.

திட்டம் இதுதான். புதன்கிழமை இவர் சிலிண்டர் ஹெட்டை இறக்கிக் கரி சுரண்டுவதற்காக வண்டியைப் பாயிடம் விடுவார். பாய் வேலையோடு வேலையாக சைலன்ஸரை மாற்றிவிட வேண்டும். இவர் வாயைப் பிளக்கும்போது, உன் தங்கச்சி ஊரெல்லாம் தேடி வாங்கிக் கொடுத்தது என்று சொல்ல வேண்டும். மனிதர் உருகிப்போய் வீட்டுக்கு வருவார், சாப்பிட உட்கார்ந்ததும் நான் காதுகுத்து விஷயத்தை மெல்ல எடுத்துவிடுவேன். செல்வியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் எதற்கு வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று ரோஷத்தில் கெடுத்துவிடுவாள். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமை கேப்பைக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வழக்கம்போல செல்வி வந்தாள். குழந்தை இவருடைய பிளக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தரையில் தட்டி விளையாடியது. செல்வி நிதானமாகச் சாப்பிட்டாள். அண்ணன் வண்டிச் சத்தத்தையே காணோம், இன்னும் ஒரு உருண்டை போடு அண்ணி என்று தட்டை நீட்டினாள். நானும் போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்தால் வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அலெக்ஸ் நிற்கிறார்.

அடிப்பாவி என்று என்னையே வைதுகொண்டேன். வண்டியை ஊமையாக்கியது நான். அந்தச் சத்தம்தான் எங்களுக்கு மணி என்பதை மறந்ததும் நான்தான். இத்தனை திட்டம் போட்டவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

செல்வி கையில் களியோடு எழுந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்கதவுக்குப் பாய்ந்தாள்.

"கொல்லையில தண்ணி கட்டியிருக்கு. சேத்துல புள்ளயோட விழப் போற. உக்காந்து துன்னு" என்றார் இவர்.

செல்வி கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். கொல்லை வழி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான்தான் கேட்டேன்.

"ஏரிக்கரையில நின்னா நம்ம பின்பக்கம் பூரா தெரியுமே. இவ புள்ளயத் தூக்கிக்கினு ஓடறத தெனம் பாத்துக்கினுதான் நிப்பேன். அந்தாண்ட ரோடு ஏறுனப்பறம்தான் வண்டிய எடுப்பேன். பாதி சோத்துல எழுந்து ஓடறாளேன்னு, அங்கியே நின்னு கொஞ்ச நேரம் சும்மா ஆக்ஸிலேட்டர முறுக்கிக்கினு இருப்பேன். வண்டி இன்னும் கிட்ட வரலன்னு ரெண்டு வாயாவது துன்னுவா."

அவர் அங்கே நின்று முறுக்குவதைக் கார்பரேட்டர் கிறுக்கு என்றே நான் நினைத்திருந்தேன். இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு நேராக உள்ளே வந்து தொலைந்திருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

இவர் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, சைலன்ஸர் ரொம்ப நல்லா இருக்கு, தேங்க்ஸ் என்று செல்வியைப் பார்த்துச் சொன்னார். செல்வி என்ன சைலன்ஸர் என்றாள். பாய் சொன்னாரே, நீதான் தேடி வாங்கிக் கொடுத்தாயாம் என்றார் இவர். பிறகு அண்ணன், தங்கை இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் குழம்புச் சட்டியைப் பார்த்தேன்.

"நான் ஒண்ணும் வாங்கல" என்றாள் செல்வி. "எல்லாம் அண்ணி வேலயா இருக்கும். எனக்கு இன்னிக்கும் அது ஓட்டக் குழாய்தான்."

போச்சு, எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பொய், ஒரே ஒரு பொய், தலையை ஆட்டியிருக்கக் கூடாதா? கண்ணைத் திறந்தால் இவர் தரையில் உட்கார்ந்திருந்தார். குழந்தை இந்தப் புது ஆளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கொழாய் போனா போது செல்வி. அன்னிக்கி வவுத்துப் புள்ளயச் சொன்னேன் பாரு, அது தப்பு. சொன்ன அன்னிக்கே தெரியும். வாய் வரல."

செல்வி களிக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் தினமும் இந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன் என்றாள். ஒரு வார்த்தை சொல்ல இரண்டு வருஷமா என்று நானும் சேர்ந்துகொண்டேன். எங்களைப் பார்த்துக் குழந்தையும் வீறிட்டது. புகை ஒன்றும் வரவில்லை.

இவர் குழந்தையைத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டார். அது உடனே அழுகையை நிறுத்திவிட்டு அவர் மீசையைப் பிடித்தது. செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காது குத்து, இனியவன் அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது, இப்போது அவருக்கு என்ன பதில் சொல்வது என்றாள்.

"வேடிக்கை பாக்க வரச் சொல்லு" என்றார் இவர்.

எனக்கு அப்போதுதான் அவருடைய பேண்ட் கண்ணில் பட்டது. தொடை முழுக்கக் கரியும் ஆயிலும். குழந்தையின் வெள்ளைக் கவுன் பாழ். ஞாயிற்றுக்கிழமையாவது வேட்டி கட்டிக்கொண்டு போங்கள், இருக்கிற ஒரு நல்ல வேட்டியையும் செயின் துடைக்க எடுத்துவிடாதீர்கள் என்று திட்டினேன். இவர் திருட்டு முழி முழித்தார். துடைத்தாகிவிட்டது என்று புரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி கையை ஆட்டித் தடுத்தாள்.

"வுடு அண்ணி. கறையோடவே வந்து உக்காரட்டும். அந்த மடி வேணும்னுதான் இன்னும் புள்ளைக்குக் காது குத்தாம வச்சிருந்தேன்."