இடது ஓரம்

எதையும் சுருக்கியே எழுதுவதால் அலுவலகத்தில் அவனுக்குச் 'சுருக்கு' என்று பெயர். கணினியில் தட்டச்சு செய்ய அவர்கள் விற்கும் எடிட்டரில் எழுத்தின் அளவு, வரியின் அகலம் எல்லாவற்றையும் மாற்ற ஒரு அமைப்புக் கோப்பு உண்டு. அதில் அவன் வைத்திருந்த குறிகள், பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்தது போல இருக்கும். வாங்கியவர்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள். அதனால் குறிகளைத் தூக்கிவிட்டு வார்த்தைகளாக மாற்றினான். 'எழுத்து' என்று ஒரு வரி, அடுத்த வரியில் கொஞ்சம் உள்ளே தள்ளி 'அளவு: சிறியது'. பச்சைக் குழந்தைகூட வாசிக்கும் என்று ஒரே தம்பட்டம்.

சோதித்துப் பார்க்க அக்காவையே அழைத்து வந்தான். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு அவளுக்கு மறுபடி ஒரு தட்டச்சு வேலை வந்திருந்தது. அங்கேயும் இதே எடிட்டர்தான். தன்னால் முடியுமா என்று அவளுக்கு உள்ளுக்குள் உதறல். இன்றைக்குச் சரியாக வந்தால் சேர்ந்துவிடுவாள்.

சோதனை அறையில் ஒரு விதி. செய்தவன் பின்னால் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. யார் செய்தது என்று சோதிக்க வந்தவருக்குச் சொல்லவும் கூடாது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கோப்பை உரக்க வாசித்தாள். எல்லாம் புரிந்தது. 'சிறியது' என்பதை அடித்துப் 'பெரியது' ஆக்கினாள். சுருக்குக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அக்கா உச்சுக் கொட்டினாள்.

"யாரு அடிச்சாங்களோ, ஓரமே நேரா இல்ல. ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய."

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இருந்த வெற்றிடத்தை அழித்து, எல்லாவற்றையும் இடது ஓரத்தில் சேர்த்தாள். ஓரம் கோணினால் தாளைக் கிழித்துப் போடும் இடத்தில் தட்டச்சு கற்ற கை அது. எந்த வரி எதற்குக் கீழே வருகிறது என்று எடிட்டர் அந்த வெற்றிடத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். அதை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

சேமித்தாள். திரை வெறுமையானது. நடுவில் சிவப்பாக 'பிழை' என்று மட்டும் இருந்தது.

"நான் என்ன பண்ணிட்டேன்?"

சோதனையைப் பார்க்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலாளர் குனிந்து குறிப்பெடுத்தார். அவன் வாயைத் திறக்கவில்லை. விதி என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், மேலாளர் முன்னால் தன் தப்பை ஒப்புக்கொள்ளக் கூசியது. அக்கா முதலிலிருந்து அடித்துப் பார்த்தாள், ஓரம் நூல் பிடித்த மாதிரி. மறுபடி சிவப்பு. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாள்.

அவன் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தபோது அவள் நடைவழி நாற்காலியில் கைப்பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"உன் மானத்த வாங்கிட்டேன்ல?"

"பரவாயில்லக்கா. பழகப் பழக வந்துடும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. தப்பைச் செய்தவன் அவளை மன்னித்துக்கொண்டிருக்கிறான்.

"வேலைக்கு வரலன்னு இப்பதான் போன்ல சொன்னேன். அங்க போய் நாலு பேர் முன்னாடி முழிக்கறதுக்கு இது மேல்."

"அக்கா, தப்பு உன்மேல இல்ல. அத எழுதினதே நான்தான். வரிக்கு முன்னாடி இருக்கற அந்த வெறும் இடத்த அழிச்சா எல்லாம் நின்னுடும். அப்படி வச்சது என் முட்டாள்தனம். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"எனக்காகப் பொய் சொல்லாதடா. வெறும் இடத்த அழிச்சா நின்னு போற மாதிரி நீ எழுதுவியா?"