முப்பத்தேழு வெட்டுகள்

அக்காவுக்குத் திக்குவாய். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை அவளுக்கு வாகாக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே நாள் முழுக்க வாயைத் திறக்காமல் படித்தால் போதும். அப்பேர்ப்பட்டவள்தான், பார்வையற்றோருக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்யும் நூலகத்துக்கு வாசிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

விளம்பரங்களுக்கு ஒலி சேர்த்துப் பிழைக்கும் அவள் தம்பி, துணி அலமாரிக்குள் மைக்கை வைத்து, சுற்றிலும் போர்வை தொங்கவிட்டு, ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு அவளை உட்கார வைத்தான். மாதிரிக்கு அனுப்ப வேண்டிய நான்கு பக்கத்தை வாசிக்க அவளுக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. பேச்சுப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, கடினமான சொல் வரும்போதெல்லாம் நின்று, மூச்சை இழுத்து, மெல்லச் சொன்னாள். அப்படியும் முப்பத்தேழு இடத்தில் திக்கியது.

அவள் வேலைக்குக் கிளம்பியதும் தம்பி கணினியைத் திறந்தான். திரையில் அவள் குரல் அலையலையாக விரிந்தது. "ப... ப... பறவை" என்றிருந்ததில் முதல் இரண்டையும் வெட்டி எறிந்தான். முப்பத்தேழையும் முடித்த பிறகாவது கை சும்மா இருந்ததா? இடைவெளி, மூச்சு எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தான். எட்டே நிமிடம்! கேட்டுப் பார்த்து, தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு, நூலகத்துக்கு அனுப்பியும் விட்டான்.

சாயங்காலம் அதைக் கேட்ட அக்கா கண் கலங்கிப்போனாள்.

"ப... படிக்கும்போது ரொம்ப திக்கின மாதிரி இருந்துச்சுடா. எல்லாம் என் ம... மனப்பிரமைதான் போல."

அப்போதே சொல்லியிருக்கலாம். பாவி, தலையை ஆட்டிவிட்டான்.

குரல் பிடித்திருக்கிறது, வியாழக்கிழமை வந்து எங்கள் முன்னால் ஒரு பக்கம் வாசியுங்கள் என்று நூலகத்திலிருந்து பதில் வந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு, அதோடு சேர்ந்து வாசித்துப் பழக ஆரம்பித்தாள். அது நிற்காமல் ஓடியது. இவள் பின்னாலேயே துரத்தினாள். மூன்றாவது வரியில் மூச்சு முட்டும், நான்காவதில் சொல் அடைத்துக்கொள்ளும். இரண்டே நாளில், சாப்பிடும்போது தண்ணீர் கேட்கக்கூட வாய் வராமல் கையைக் காட்டினாள்.

"அன்னைக்கு வந்துச்சே, இப்ப ஏ... ஏன்டா வரல?"

தம்பி தட்டை நகர்த்தி வைத்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இந்தப் பழக்கம். அவள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் முந்திக்கொண்டு அவனே முடித்து வைப்பான். அதை உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தான். காத்திருக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான் என்பது இப்போதுதான் உறைத்தது.

புதன்கிழமை மத்தியானம் வேலையிலிருந்து பாதியில் திரும்பி வந்து, நூலகத்துக்குப் போகப்போவதில்லை என்று அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதபோது உடைத்துச் சொல்லிவிட்டான்.

"அக்கா, அது நீ படிச்சதே இல்ல. நான் வெட்டினது. உன் மூச்சையும் சேத்து வெட்டிட்டேன். அப்படி யாராலயும் படிக்க முடியாது."

அசல் பதிவைப் போட்டான். பதினோரு நிமிடமும் அவள் நின்றபடியே கேட்டாள். அவன் தலை நிமிரவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பான்.

"எங்க அச்சகத்துல," என்று நின்று நின்று சொன்னாள், "தப்புன்னு பட்டா ஓ... ஓரத்துல கேள்விக்குறி போடுவோம். எழுதினவர கே... கேக்காம ஒரு எழுத்த எடுக்க மாட்டோம்."

"தப்புதான்க்கா."

"இத அனுப்பு. நாளைக்கு நா... நான் வரேன்னும் சொல்லு. இது மு... மு..."

என்ன சொல்ல வருகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நுனிநாக்கு வரை வந்த சொல்லைப் பல்லைக் கடித்து நிறுத்தினான். அவள் அவசரப்படவில்லை. நின்றாள், மூச்சை ஆழமாக இழுத்தாள். அவன் காத்திருந்தான்.

"முழுசா போகணும்" என்றாள்.