வலக்கைக்கு வெட்டிய நாற்பது

ஏவன்டேலில் பேஸ்பால் கையுறை செய்யும் கொலினின் பட்டறையில் குலசிங்கம் சேர்ந்து மூன்று வாரந்தான். மனைவி பத்மாவதியோ பக்குரங்காவில் இருக்கும் சொந்தக்காரருக்கெல்லாம் "மனேச்சர்" என்று பரப்பிவிட்டிருந்தாள். தோலிலிருந்து நாடா கீறுவதுதான் மனேச்சரின் வேலை.

வெள்ளிக்கிழமை கொலின் தாயைப் பார்க்க ஹமில்டனுக்குப் போனான். நாற்பது கையுறைக்குத் தோல் வெட்டும் பொறுப்பைக் குலசிங்கத்திடம் விட்டிருந்தான். தோல் வெட்டும் அச்சு ஒன்றுதான். தோலின் வழவழப்பான பக்கத்தை மேலே வைத்து அழுத்தினால் இடக்கைக்கு வரும், கவிழ்த்தால் வலக்கைக்கு. வழவழப்பு மேலே இருக்கட்டும் என்று கொலின் சொல்லித்தான் போனான். யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் போஸ்ட்மாஸ்டராக இருந்தவருக்கு அது ஏறவில்லை. வருவதை இடக்கையாலா வாங்குவது? கோயிலில் திருநீற்றை, கலியாணவீட்டில் வெற்றிலையை, யாராவது இடக்கையால் வாங்கினதுண்டா? வெள்ளைக்காரன் அவசரத்தில் மாறிச் சொல்லிவிட்டான் என்று தாமே தீர்ப்பெழுதி, நாற்பதையும் கவிழ்த்து வெட்டினார். அந்த ஆட்டத்தை ஒருநாளாவது பார்த்திருக்கலாம், மனேச்சருக்கு நேரமேது.

திங்கட்கிழமை காலை, பிஜியிலிருந்து வந்த தையல்காரர் பொன்சாமி முதலாவதைத் தைத்து, கை வடிவிலான சூடான இரும்பில் மாட்டி, விரல் விரலாகப் புரட்டி எடுத்தார். போட்டுப் பார்த்தார், சிரித்தார்.

"அண்ணே, பந்தை எறியிறது எந்தக் கை?"

"வலக்கைதான்."

"அந்தக் கையில இதை மாட்டிக்கிட்டா அப்புறம் எதால எறியிறது? வாயாலயா?"

குலசிங்கம் தம் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நாப்பதும் இப்பிடித்தான் வெட்டிப்போட்டன்."

பொன்சாமியின் சிரிப்பு நின்றது. "நீங்க இங்கேயே தங்குற ரெசிடென்சிக்குக் கொலின் இன்னிக்குத்தானே கடிதம் தர்றேன்னான்? அது தபால்ல விழுற வரைக்கும் மூச்சு விடாதீங்க."

"கேட்டா என்னத்தைச் சொல்ல?"

"கேட்டாத்தானே."

முப்பத்தொன்பதையும் மேசைக்கடியில் தள்ளிச் சாக்கால் மூடினார்கள். கொலின் பார்க்கக் கேட்கும் ஒன்றுக்கு மட்டும் நாடா கோத்து முடித்தார்கள்.

மத்தியானம் கொலின் வந்தான். முதல் கையுறையை வெட்டியவனுக்கே மாட்டிவிட்டுப் பந்தெறிந்து பார்ப்பது அவன் வழக்கம். குலசிங்கம் வலக்கையால் அழகாகப் பிடித்தார். திருப்பி எறி என்றான். இடக்கையால் எறிந்த பந்து பொன்சாமியின் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கவிழ்த்தது.

கொலின் கையுறையைக் கூர்ந்து பார்த்தான். நீ இடக்கைக்காரனா, உனக்கென்றே ஒன்று வெட்டினாயா என்று கேட்டான்.

பொன்சாமி குனிந்து தேத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யெஸ்," என்றார் குலசிங்கம்.

கொலினுக்கு ஒரே சந்தோசம். கடிதத்தை விரித்து, தன் கையெழுத்துக்குக் கீழே அவரும் போடவேண்டும் என்று பேனாவை நீட்டினான். அதுவும் அவரது இடக்கைப் பக்கமாக, அவ்வளவு கரிசனம்.

கையுறை இன்னும் வலக்கையில்தான் இருந்தது. கழற்றி அந்தக் கையால் போட்டால் பொய் அம்பலம். கழற்றாவிட்டால், பாஸ்போர்ட்டில் இருக்கும் அந்த முத்துமுத்தான கையெழுத்துக்கு எங்கே போவது? கொலின் காத்திருந்தான். குலசிங்கம் இடக்கையால் பேனாவை வாங்கினார். கோழி கிளறினது போல ஏதோ ஒன்று கடிதத்தில் விழுந்தது.

கொலின் ஊதி உலர்த்தி, உறையில் இட்டு ஒட்டி, தானே தபாலில் சேர்ப்பதாகச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். குலசிங்கத்தின் தோளைத் தட்டினான். சரி, மற்ற முப்பத்தொன்பதையும் காட்டு என்றான்.

பொன்சாமி சாக்கின் மேலிருந்து மெதுவாகக் காலை எடுத்தார்.