பீரோத் தகடு

தகடு வெட்டும் கிரைண்டர் சத்தம் நின்றதும் அவள் குனிந்து காரின் தரையைத் தடவிப் பார்த்தாள். வலப்பக்க ஓரத்தில் மட்டும் சூடு இருந்தது. வாளியில் நனைந்து கிடந்த சாக்கை எடுத்து அந்த இடத்தில் ஒத்தினாள். உஸ்ஸென்று நூலாகப் புகை எழுந்து, கூரையைத் தொட்டு, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றியது. இருக்கைகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்ததால் காருக்குள் அவளும், உட்கார ஒரு பலகையும், வாளித் தண்ணீரும்தான். இரண்டு கதவும் மூடியிருந்தன. திறந்திருந்தால் பொறி உள்ளே வரும் என்று அவள் புருஷன் உத்தரவு போட்டிருந்தான். அவன் காருக்கு அடியில், சிமென்ட் தரையில் முதுகு கொடுத்துப் படுத்திருந்தான். வெட்டுவதும் ஒட்டுவதும் கீழே இருப்பவன் வேலை, தீப்பிடித்தால் அணைப்பது மேலே இருப்பவள் வேலை. போன மாதம் அடியில் பூசியிருந்த தார் பற்றிக்கொண்டு உள்விரிப்பு முழுக்க எரிந்துபோனதிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரில் மற்றவர்கள் கால் நீட்டிப் படுப்பார்கள். அவள் காருக்குள் காலை மடக்கி உட்கார்ந்து தீக்குக் காவல் இருப்பாள்.

தெருவில் அவனுக்கு டேங்கர் என்று பெயர். எண்ணெய் நிரப்பும் பெரிய டேங்க் கட்டுகிற கம்பெனியில் வெல்டராக இருந்தவன். உள்ளங்கை கனத் தகடுகளை ஒட்டிப் பழகிய கை அது. கம்பெனியை இழுத்து மூடி ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது, அந்தக் கை மட்டும் ஓய்வு பெற மறுத்துவிட்டது. எங்கோ ஒரு குடோனில் மக்கிக் கிடந்த இந்த இரண்டு கதவுக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் இறக்கினான். கார் என்று அவன்தான் சொன்னான். முனைக் கடையில் காருக்கு ஒடுக்கு எடுக்கிற டிங்கர் வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினான். அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று.

"அண்ணே, இது கார் இல்லண்ணே. கார் மாதிரி நிக்கிற துரு. பெயிண்ட்டுதான் புடிச்சிக்கிட்டு இருக்கு."

டேங்கர் சிரிக்கவில்லை. டிங்கர் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை இரண்டு பக்கமும் ஓடுகிற பெட்டித் தகடுதான் இந்தக் காருக்கு முதுகெலும்பு, வேறே அடிச்சட்டம் கிடையாது. "ஒரு பக்கத்த வெட்டினா, புதுசு ஒட்டி முடிச்சப்புறம்தான் மறுபக்கம் கை வைக்கணும். ரெண்டையும் ஒண்ணா வெட்டினீங்க, நடுவுல தொங்கிப்போயிடும். கதவு வாசல்ல குறுக்க ஒரு கம்பியும் குடுத்துக்குங்க." அவன் தெரு திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டு டேங்கர் சொன்னான்: "நான் கட்டின டேங்குக்குள்ள இந்தத் தெருவையே வைக்கலாம். எனக்குக் கம்பி சொல்லித் தர்றான். கதவச் சாத்தி வச்சா கதவே தாங்கும்."

காரின் தகடு அவன் கையைத் தாங்கவில்லை. அட்டை மாதிரி இருந்த அதில் அவன் வெல்டிங் முனையை வைத்த இடமெல்லாம் பொத்துக்கொண்டது. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் மூன்று ஓட்டை விழுந்தது. மெல்லிசான தகடு வேண்டும், மெல்லிசான தகடு வேண்டும் என்று இரண்டு நாள் முனகிக்கொண்டே திரிந்தான். மூன்றாம் நாள் அவள் ஷிப்ட் முடிந்து வந்தபோது அவள் துணிமணியெல்லாம் கட்டில்மேல் குவிந்து கிடந்தன. பச்சைப் பீரோ கதவில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்னாலேயே, அவள் தன் சம்பளத்தில் வாங்கியது அது. அந்த வீட்டில் பூட்டு உள்ள ஒரே பொருள்.

"கதவுதான எடுத்தேன். பொட்டி அப்படியே இருக்கு பாரு," என்றான். அவள் கட்டில்மேல் கிடந்த துணியை மடிக்கத் தொடங்கவும், "உள்ள என்ன பெரிய புதையலா வச்சிருந்த, கதவு கேக்குது," என்றான்.

அன்றைக்கு வெட்டிய பச்சைத் தகடுதான் இப்போது அவள் காலடியில், காரின் நடுத்தரையில் சதுரமாக ஒட்டியிருந்தது. சுற்றிலும் அவன் வைத்த வெல்டிங் காக்கை எச்சம் போலத் திட்டுத்திட்டாக இருந்தது. சாவித் துவாரத்தை அடைக்காமல் விட்டிருந்தான். மழைத் தண்ணீர் வடியட்டும் என்று காரணம் சொன்னான். அந்தத் துவாரத்துக்கு உரிய சாவி இன்னும் அவள் கொத்தில்தான் இருக்கிறது. எடுத்துப் போட வேண்டும் என்று நினைப்பாள், போடமாட்டாள்.

சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் அவள் பை தயாராக இருந்தது. பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் சமையலுக்கு ஆள் எடுத்தார்கள். சலவைச் சோடாவிலும் வெந்நீரிலும் வெடித்துப்போன அவள் கையைப் பார்த்த வார்டன் அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் ஒரு அறையைத் திறந்து காட்டினாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கதவில் உள்தாழ்ப்பாள். வார்டன் அந்தப் பக்கம் திரும்பியபோது அவள் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். எண்ணெய் விட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. "ஞாயித்துக்கிழமை இருட்டுறதுக்குள்ள வந்துடும்மா. திங்கக்கெழம விடிஞ்சா அடுப்புக்கு ஆள் வேணும். வரலேன்னா அடுத்தவளுக்குச் சொல்லிடுவேன், அப்புறம் என்னக் கொற சொல்லக்கூடாது." கட்டிக்கொடுத்த மகளுக்கு மட்டும் போனில் சொன்னாள். "அப்பா பாவம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்," என்றது அது. அனுசரித்து அனுசரித்துத்தான் பீரோ கதவு வரைக்கும் போய்விட்டது என்று மகளிடம் எப்படிச் சொல்வது?

அந்த ஞாயிறு இன்றைக்குத்தான். காலையில் டீ கொடுக்கும்போது சொல்லிவிடத்தான் இருந்தாள். அதற்குள் அவன், "வந்து உள்ள உக்காரு, வலப்பக்கம் வெட்டிடறேன்," என்றான். சரி, கடைசியாக ஒரு தடவை, இதை முடித்துவிட்டுச் சொல்வோம் என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். மதியமும் தாண்டிவிட்டது. எதிர்வீட்டுச் சுவரில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

சாவித் துவாரத்தில் கீழேயிருந்த விளக்கின் வெளிச்சம் தெரிந்தது.

"புகை இருக்கா?"

"இல்ல."

"தண்ணி?"

"இருக்கு."

இவ்வளவுதான் ஒரு மாதமாக அவர்கள் பேசிக்கொள்வது. அவள் துவாரத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் சாயங்காலம் கெளம்பறேன்."

"எங்க?"

"ஹாஸ்டல்ல வேல கெடச்சிருக்கு. தங்க ரூம் குடுக்கறாங்க."

"வேலைக்குன்னா போயிட்டு வா. ராத்திரி வந்துடுவல்ல?"

"வரமாட்டேன்."

வெளிச்சம் துவாரத்திலிருந்து நகர்ந்துபோயிற்று. முகம் பார்த்துச் சொல்லியிருந்தால் வாயில் பாதிதான் வந்திருக்கும். பீரோ சாவித் துவாரத்திடம் சொன்னதால் முழுசாகச் சொல்லிவிட்டாள். கீழே கிரைண்டரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப சாப்பாட்டுக்கு?"

"கேஸ் இருக்கு. கையும் இருக்கு."

அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டு வெளியே வருவது கேட்டது. வலப்பக்கம் ஒட்ட வேண்டிய புதுத் தகட்டை எடுக்கப் போகிறான் என்று நினைத்தாள். ஆனால் கிரைண்டர் வயர் காரின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு இழுபட்டது. இடப்பக்கக் கண்ணாடிக்கு வெளியே அவன் தலை தெரிந்தது, குனிந்தது, மறைந்தது.

"அந்தப் பக்கம் ஏன்? இன்னும் இது ஒட்டலியே," என்று கண்ணாடியைத் தட்டினாள். கிரைண்டர் அலறத் தொடங்கியது. அவனுக்குக் கேட்டதா, கேட்கவில்லையா, கேட்டும் வெட்டினானா என்பது அவனுக்கே வெளிச்சம். பொறி கண்ணாடி உயரத்துக்கு எழுந்து விழுந்தது. வெட்டு முன்னாலிருந்து பின்னால் வரை போய் நின்றது.

இடிந்து விழுகிற சத்தமெல்லாம் இல்லை. இரும்பு ஒரு நீளமான கொட்டாவி விட்டது, அவ்வளவுதான். பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. வாளித் தண்ணீர் விளிம்பு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பியது. முன்னாலும் பின்னாலும் ஸ்டாண்டில் நின்ற கார், நடுவில், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், ஒரு விரல் கனம் தொய்ந்திருந்தது.

அவள் கதவுப் பிடியைத் திருப்பினாள். உள்ளே நாக்கு விலகுகிற சத்தம் கேட்டது. கதவு வரவில்லை. அதன் மேல்மூலை வாசல் கம்பத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. பலகையைத் தள்ளிவிட்டு மறுபக்கம் போனாள். அங்கேயும் அதே கதை. "தொறக்கல," என்றாள்.

"நல்லாத் தள்ளு."

அவன் வெளியேயிருந்து காலை உதைத்துக்கொண்டு இழுத்தான். கைப்பிடி கையோடு வந்துவிடும் போலிருந்தது. விட்டுவிட்டு மூச்சு வாங்கினான். "நடுவுல நீ உக்காந்திருக்க. அந்த வெயிட்டுதான் எறக்கிடுச்சு."

சலவைக்கூடத்தில் அவளை மூட்டை மேல் மூட்டையாகத் தூக்கி வைத்து விளையாடுவார்கள், அவ்வளவு கனம் அவளுக்கு. "வேணும்னா வாளிய வெளிய எறியட்டுமா?" என்றாள்.

கண்ணாடியை இறக்கும் கைப்பிடிகளை அவன் எப்போதோ கழற்றி பிஸ்கட் டின்னில் போட்டிருந்தான். டின் எங்கே என்று அவனுக்கும் தெரியாது. முன்கண்ணாடியில் அவள் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"கண்ணாடில கை வைக்காத." அவன் குரல் இப்போதுதான் உயர்ந்தது. "இந்த மாடலுக்கு இனிமே கண்ணாடி கெடைக்காது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டது பழக்கத்தால்தான். எடுத்த பிறகுதான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

அவன் அவசரப்படவில்லை. குழாயில் கை கழுவினான், ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, காரைப் பார்த்தபடி உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தான். எதிர்ச்சுவரில் வெயில் மாடி ஜன்னலின் அடிவிளிம்பைத் தொட்டது. அது ஜன்னலைத் தாண்டினால் இருட்ட அதிக நேரம் ஆகாது. சமையலறையில் நின்று எத்தனையோ சாயங்காலம் அதைப் பார்த்திருக்கிறாள்.

"போயே ஆகணுமா?" என்றான், புகையை விட்டுக்கொண்டே.

"ஆமா."

"யாரு கெளப்பி விட்டா?"

"யாருமில்ல. நானேதான்."

அவன் அதை ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி வாயில் வைத்துப் பார்த்தான் போலிருந்தது. சிகரெட்டை அடி வரை இழுத்தான். இவன் எழுந்திருக்கமாட்டான் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. இருட்டும் வரை டின்மேல் உட்கார்ந்திருப்பான், இருட்டியதும் கதவைத் திறந்துவிட்டு, சாப்பாடு எடுத்து வை என்பான். வேர்வை முதுகில் வழிந்தது. பின்பக்கத்தில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் கையை விட்டுத் துழாவினாள். சக்கரம் கழற்றும் ஸ்பானர் அகப்பட்டது. கண்ணாடியை உடைக்கத்தான் எடுத்தாள் என்று சொல்ல முடியாது. கைக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. மடியில் வைத்து அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் அவன் எழுந்தான். ஜாக்கியையும் ஒரு மரக்கட்டையையும் எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தான். துவாரத்தில் வெளிச்சம் திரும்ப வந்தது.

"நடுவுல குடுத்துத் தூக்கினா கதவு விட்டுரும். அடியில உன் பீரோத் தகடு ஒண்ணுதான் கெட்டியா இருக்கு. அதுலதான் வைக்கிறேன். ஓரமா நகந்துக்க."

அவள் நகர்ந்துகொண்டாள். கீழே ஜாக்கியின் பிடி ஏறி இறங்கும் சத்தம். கட்டை பச்சைத் தகட்டில் முட்டியது. துவாரம் இருண்டது. அவள் கதவின் மேல்மூலையையே பார்த்திருந்தாள். கதவுக்கும் கம்பத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு மயிரிழை, வெளிச்சம் நுழையாத இழை. அது அகலவில்லை.

டிக்கென்றது. கதவிலிருந்து வந்த சத்தமில்லை. அவள் குனிந்து பார்த்தாள். பச்சைத் தகட்டின் ஒரு ஓரம் தரையைவிட்டு எழும்பியிருந்தது. அவன் வைத்த வெல்டிங் விடவில்லை. அதைச் சுற்றியிருந்த காரின் தரைதான் நனைந்த அட்டை மாதிரிக் கிழிந்துகொண்டிருந்தது. கார் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஏறுதா?" என்றான் கீழேயிருந்து.

இன்னொரு டிக். துருத்தூள் அவள் பாதத்தில் வந்து விழுந்தது.

"ஏறுது," என்றாள்.

"கதவு?"

"இன்னும் கொஞ்சம்."

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவன் மறுபடி அடிக்கத் தொடங்கினான். மூன்று பக்கம் கிழிந்து ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்த தகடு, கீல் வைத்ததுபோல் மெல்லச் சாய்ந்து எழுந்தது. அந்த இடுக்கு வழியாக வந்த வெளிச்சத்தில் அவன் முழங்கையும் ஜாக்கியின் பிடியும் தெரிந்தன. எதிர்ச்சுவரில் வெயில் ஜன்னலின் பாதிக்கு வந்திருந்தது. அவள் முன்கண்ணாடிப் பக்கம் திரும்பி ஸ்பானரை வலது கைக்கு மாற்றினாள். இடது கையால் ஈரச் சாக்கை உதறி விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தாள். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், சாவித் துவாரத்தோடு, பீரோ கதவு இன்னும் திறந்துகொண்டிருந்தது.